மெய்யால் அறிந்த கோதை

தமிழில் மெய் என்னும் ஒரு சொல்லே உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். ஐம்பொறிகளை எண்ணத் தொடங்கினால் மெய், வாய், கண், மூக்கு, செவி என மெய்யே முதலில் நிற்கும். உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுத்த தொல்காப்பியரும் மரபியலில் தொட்டறியும் அறிவையே முதலறிவாக வைத்தார். புல்லும் மரமும் அவ்வோர் அறிவு உடையன. அதன்மேல் சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஒவ்வொன்றாக ஏறி, ஆறாவதாகவே மனம் வந்து சேர்கிறது. மனம் ஏனைய ஐந்தையும் உதறிவிட்டு வருவதன்று. அவற்றோடு கூடி வருவது.

மேலைநாட்டுச் சிந்தனையில் இக்கருத்து பிற்காலத்திலேயே வலுப்பெற்றது. பிரெஞ்சு மெய்யியலார் மெர்லோ-போந்தி 1945இல் வெளியிட்ட நூலில், உடம்பு உலகின் பொருள்களுள் ஒன்று மட்டுமன்று, உலகம் நமக்குப் புலப்படும் வாயிலே அதுதான் என நிறுவ முயன்றார். சொல்லில் அடங்காமல் கையிலும் காலிலும் உறையும் அறிவைப் பற்றி மைக்கேல் பொலானி 1966இல் எழுதினார். 1991இல் வரேலா, தாம்சன், ரோஷ் ஆகிய மூவர் அறிவாற்றல் அறிவியலைப் பௌத்தத் தியான மரபோடு இணைத்து ஆராய்ந்தனர். இன்று உடல்வழி அறிதல் என்பது தனியானதோர் ஆய்வுத்துறை. ஆயினும் அத்துறையினர் பலர், இறைவனைப் பற்றிப் பேசும் தத்துவத்துக்கு இங்கே என்ன வேலை என்று வினவுவர். நம்பிக்கை நம்பிக்கையாக இருக்கட்டும், உடம்பை உடற்கூற்றியலும் உளவியலும் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கருத்து.

இவ்வினாவுக்கு விடை தேடத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. இராசபாளையத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வாழ்வே விடையாக நிற்கிறது. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவ்வாழ்வை இந்நோக்கில் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

நந்தவனத்துப் பிள்ளை

வடபத்திரசாயி கோயிலுக்கு மாலை தொடுத்துக் கொடுப்பதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர் விட்டுசித்தர். பாண்டியன் அவையில் பரம்பொருள் இது என்று நிறுவிப் பொற்கிழி பெற்றவர். மதுரை வீதியில் யானைமேல் உலா வந்தபோது, காட்சி தந்த இறைவனுக்கே கண்ணேறு படுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடியவர். அதனால் பெரியாழ்வார் ஆனார். அவருடைய நந்தவனத்தில், துளசிப் பாத்தியில், ஆடித் திங்கள் பூர நாளில் கண்டெடுக்கப்பட்ட குழந்தையே கோதை என்பது குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு.

அந்நூல்கள் அவர் பிறப்பைக் கலியுகத்தின் முதல் நூற்றாண்டிலேயே வைக்கின்றன. ஆய்வாளர் பெரும்பாலும் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளுக்குள் அவர் காலத்தைக் கருதுவர். திருப்பாவையில் வெள்ளி எழுந்ததாகவும் வியாழன் மறைந்ததாகவும் வரும் குறிப்பைக் கொண்டு, மு. இராகவையங்கார் கி.பி. 731ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களைக் கணக்கிட்டுரைத்தார். வேறு ஆண்டுகளைக் கணித்தோரும் உளர். கணக்குகள் வேறுபடினும், அவை அனைத்துக்கும் அடிப்படை ஒரு பெண் விடியற்காலையில் வெளியே வந்து வானத்தைக் கண்ணால் கண்ட காட்சியே என்பது கருதத்தக்கது.

கோதை என ஒருத்தி வாழ்ந்ததே இல்லை, பெரியாழ்வாரே மகளாய்க் கற்பனை செய்துகொண்டு பாடினார் என்று ஐயுற்றோரும் உண்டு. ஆனால் பெரும்பாலான பதிகங்களின் முடிவில் தன்னை வில்லிபுத்தூர் விட்டுசித்தன் கோதை என்றே அவள் கூறிச் செல்கிறாள். பெரியாழ்வாரும் ஒரு பதிகத்தில், தமக்கிருந்த ஒரே மகளைத் திருமகளைப்போல் வளர்த்ததையும், திருமால் கொண்டுபோய்விட்டதையும் தாய்க்கூற்றாக வைத்து வருந்துகிறார். அவ்வருத்தம் கற்பனையின் வருத்தமாகத் தோன்றவில்லை.

பூப்பறித்தலும் தொடுத்தலும் நீரிறைத்தலுமாகிய தொழில்களே கோதைக்கு முதற்கல்வி. எந்த மொக்கு எப்பொழுது அவிழும், எந்தப் பூ விரல் பட்டால் வாடும், நார் எவ்வளவு இறுகினால் காம்பு அறும் என்பன ஏட்டிலிருந்து வருவன அல்ல. பின்னாளில் அவள் பாட்டில் பூக்கள் பெயர்ப்பட்டியலாக வராமல், ஒவ்வொன்றும் தன் நிறத்தாலும் மணத்தாலும் அவளைத் துன்புறுத்தும் உயிர்களாக வருவதற்கு இந்நந்தவனமே காரணம் எனலாம்.

சூடிய மாலை

அவள் வாழ்வில் யாவரும் அறிந்த நிகழ்ச்சி மாலை சூடியது. தந்தை இறைவனுக்கெனத் தொடுத்து வைத்த மாலையை அவர் இல்லாத நேரத்தில் தான் அணிந்து, அவனுக்கு நான் ஏற்றவள்தானா என்று கண்ணாடியில் பார்த்துக் கழற்றி வைப்பாள். ஒருநாள் தந்தை கண்டார், கடிந்தார், அன்று மாலை சாத்தாமலே இருந்துவிட்டார். இரவில் இறைவன் கனவில் தோன்றி, அவள் சூடிய மாலையே தனக்கு விருப்பம் என்றான். சூடிக்கொடுத்த நாச்சியார் என்னும் பெயர் அன்று வந்தது.

இக்கதையை நாம் பெரும்பாலும் அன்பின் பெருமைக்குச் சான்றாகக் கொள்கிறோம். அறிவுக்கும் அது சான்று. தகுதி உண்டா என்னும் ஐயத்தை அவள் நூல்களைக் கொண்டோ வாதத்தைக் கொண்டோ தீர்த்துக்கொள்ளவில்லை. பரம்பொருள் இது என்று அவைநடுவே சொல்லால் நிறுவிய தந்தையின் மகள், அதே பரம்பொருளுக்கும் தனக்கும் உள்ள உறவைத் தன் தோளிலும் மார்பிலும் மாலையின் கனத்தை வைத்துப் பார்த்து அறிந்தாள். தந்தை முறைப்படி குற்றம் என்றார். இறைவனோ அக்குற்றத்தையே முறையாக்கினான். இன்றும் புரட்டாசிப் பெருவிழாவின் கருடசேவைக்குத் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவில் அழகருக்கும் அவள் சூடிக் களைந்த மாலை வில்லிபுத்தூரிலிருந்தே செல்கிறது. உடம்பு பட்டது எச்சில் என்ற பொதுவிதிக்கு விலக்காக ஒரு பெண்ணின் மேனி பட்டதனாலேயே மாலை தூய்மை பெறுகிறது என்பது எளிய செய்தி அன்று.

நோன்பு என்னும் பயிற்சி

கோதை பாடியவை இரண்டு: முப்பது பாசுரங்கள் கொண்ட திருப்பாவை, 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழி. இரண்டும் சேர்ந்து 173. ஆழ்வார் பன்னிருவருள் பெண் அவள் ஒருத்தியே.

திருப்பாவையின் பொருள் தத்துவம் என்று உரைகள் விரிக்கும். ஆனால் அது தொடங்குவது நீராட அழைப்பதில். நோன்பின் விதிகள் யாவும் உடம்பின்மேல் ஏற்றப்பட்டவை: நெய்யும் பாலும் விலக்கல், விடியுமுன் நீராடல், கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் ஒழித்தல். அதன்பின் எழுப்புதல். உறங்கும் தோழியரை அறவுரை கூறி எழுப்பவில்லை. பறவையின் ஒலி, கோயிற்சங்கின் ஒலி, தயிர் கடையும் ஒலி, கறவை எருமைகளின் பால் வழிந்து சேறான இல்லம், தலைமேல் விழும் பனி, புழைக்கடை வாவியில் செங்கழுநீர் மலர்ந்து ஆம்பல் கூம்பிய காட்சி என ஒவ்வொரு பொறியாகத் தட்டி எழுப்புகிறாள். நோன்பு முடியுமிடத்தும் முழங்கை வழியே நெய் வழியும் பாற்சோற்றைக் கூடியிருந்து உண்பதே பேறாகச் சொல்லப்படுகிறது. பறை கேட்க வந்ததாகச் சொன்னவள், எப்பிறவியிலும் அவனுக்கு ஆட்செய்வதையே வேண்டுகிறோம் என்று உண்மைக் கருத்தைத் திறந்து காட்டுவது அதற்குப் பின்னரே, இருபத்தொன்பதாம் பாசுரத்தில்தான். குளித்து, குளிர்ந்து, கூடி, உண்ட பிறகே இத்தெளிவு வருகிறது. இவ்வரிசையை மாற்றினால் திருப்பாவை இல்லை.

சங்கிடம் கேட்ட வினா

நாச்சியார் திருமொழியில் நோன்பின் அமைதி குலைந்து ஏக்கம் தலைதூக்குகிறது. தைத்திங்களில் காமதேவனை வேண்டுகிறாள். தன் உடம்பு உத்தமனுக்கென்றே வளர்ந்தது, மானிடர்க்கென்று பேச்செழுந்தால் உயிர் வாழேன் என்கிறாள். கண்மூடிக் கூடல் இழைத்துத் தன் விரலையே குறி கேட்கிறாள். யானைகள் சூழ மணவாளன் வரக் கனவு காண்கிறாள். மேகத்தைத் தூது விடுகிறாள். கைவளை கழல்வதைச் சொல்லி அரங்கனோடு வழக்காடுகிறாள். அவன் அரையில் உடுத்த ஆடையைக் கொணர்ந்து தன்மீது வீசினால் வாட்டம் தணியும் என்று தாயரை இரக்கிறாள்.

இவற்றுள் ஏழாம் திருமொழி நம் பொருளுக்கு இன்றியமையாதது. கண்ணனின் வாயிதழ் பட்ட வெண்சங்கை அழைத்து, அவ்வாயின் மணம் கருப்பூரமா, தாமரைப்பூவா, சுவை தித்திப்பா என்று வினவுகிறாள். அவள் தேடும் அறிவு சங்குக்குத்தான் உண்டு. ஏனெனில் தொட்டது அது. வேதம் அறிந்தவரையோ தவம் செய்தவரையோ அவள் கேட்கவில்லை, அவரறிவு கேள்வியறிவு. தொடுதலால் மட்டுமே வாய்க்கும் அறிவு ஒன்று உண்டு, அதற்கு வேறொன்று ஈடாகாது என்பதை ஒரு கோட்பாடாகக் கூறாமல் வினாவாகவே வைத்துவிட்டாள்.

மணப்பருவம் வந்ததும் திருப்பதிகள்தோறும் எழுந்தருளிய பெருமாள்களின் பெருமையைத் தந்தை ஒவ்வொன்றாக எடுத்துரைக்க, அரங்கன் பெயர் கேட்டபோதே அவள் மேனி சிலிர்த்தது என்பர். பல்லக்கில் அரங்கம் சென்றாள், கருவறை புகுந்தாள், கண்டோர் கண்முன்னே பெருமானோடு கலந்தாள். உடம்பை விட்டு உயிர் சென்றதாக வரலாறு கூறவில்லை. மாலையோடும் அணியோடும் அவள் முழுவதுமாகவே புகுந்தாள் என்றே கூறுகிறது.

இராமாநுசர் நடந்த வழி

இங்கே இறையியல் தத்துவம் வருகிறது. கோதைக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து வந்தவர் இராமாநுசர் (1017–1137). உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடம்பு. அவன் அவற்றுக்கு உயிர். இதுவே அவர் தத்துவத்தின் நடுநாடி. அதற்காக உடம்பு என்றால் என்ன என்று சீபாடியத்தில் அவர் வரையறுத்தார். கைகால் உடையதே உடம்பு என்று அவர் கொள்ளவில்லை. ஓர் உணர்வுள்ள பொருளால் தாங்கப்பட்டு, இயக்கப்பட்டு, அதற்கே உரிமையாய் நிற்பது எதுவோ அது அதன் உடம்பு. அவர் மரபில் அறிவு என்பது விளக்கிலிருந்து ஒளி பரவுவதுபோல் ஆன்மாவிலிருந்து விரிந்து சென்று பொருளைப் பற்றுவது. இவ்வுலக வாழ்வில் அது மனத்தின் வழியும் பொறிகளின் வழியுமே வெளிச்செல்லும். உடம்பே நான் என்று எண்ணுவது மயக்கம் என்பதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் உடம்பு பொய் என்று அவர் கூறவில்லை. உயிரிலிருந்து பிரித்துக் காணவொண்ணாத அடையாகவே அது நிற்கிறது. வீடுபேற்றிலும் தொண்டுக்கென உயிர் மேனி கொள்ளலாம் என்பது அம்மரபின் துணிபு.

இத்தத்துவத்தை இராமாநுசர் வடமொழி நூல்களிலிருந்து மட்டும் பெற்றார் எனக் கொள்வது குறைவுடைய பார்வை. அவருக்குத் திருப்பாவை சீயர் என்று ஒரு பெயர் உண்டு. பிச்சைக்குச் செல்லும்போது பாதுகை அணியாமல் திருப்பாவையை ஓதியவாறே நடப்பார் என்பர். நப்பின்னையைக் கதவு திறக்க வேண்டும் பதினெட்டாம் பாசுரத்தை ஓதிக்கொண்டு பெரிய நம்பியின் வாயிலை அடைந்தபோது, நம்பியின் மகள் அத்துழாய் வளையொலிக்கக் கதவைத் திறக்க, நப்பின்னையே வந்தாள் எனக் கண்டு அவர் மயங்கி விழுந்தார் என்றொரு வழக்கு உண்டு. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாகக் கோதை நேர்ந்ததை அவரே நிறைவேற்றினார். பின் வில்லிபுத்தூர் வந்தபோது அவள் அவரை அண்ணன் என அழைத்தாள் என்பதும் மரபு. இவை நடந்தவாறே நடந்தனவா என்பது வேறு வினா. ஒரு சமய மரபு தன் தலையாய தத்துவ ஆசிரியரை நூலகத்தில் வைத்து நினைவுகூராமல், வெறுங்காலோடு ஒரு பெண்ணின் பாட்டை ஓதி நடப்பவராக நினைவுகூர்கிறது என்பதே நாம் காண வேண்டுவது. பாட்டு முன், கோட்பாடு பின். உடம்பு அறிந்ததற்குத் தத்துவம் பெயர் சூட்டியது.

பள்ளமடையும் மறைபொருளும்

உரையாசிரியரும் இதனை உணர்ந்திருந்தனர். நாலாயிரம் முழுமைக்கும் உரை வகுத்த பெரியவாச்சான் பிள்ளை முதலியோர் வழிவந்த மரபு, ஏனைய ஆழ்வார்களின் காதலை மேட்டுமடைக்கும் கோதையின் காதலைப் பள்ளமடைக்கும் ஒப்பிடும். ஆடவர் தம்மைப் பெண்ணாகப் பாவித்துப் பாடுவது நீரை மேட்டுக்கு ஏற்றுவது போன்றது. இவளுக்கோ பள்ளத்தில் நீர் பாய்வதுபோல் இயல்பாகப் பெருகுகிறது. மலையடிவாரக் கண்மாய்ப் பாசனம் அறிந்த நம் ஊராருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டா. எந்த உடம்பில் இருந்து அறிகிறோம் என்பது அறிவின் போக்கை மாற்றும் என்பதை அவ்வுரைகாரர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒப்பியுள்ளனர்.

அதே மரபில் வேறொரு போக்கும் வளர்ந்தது. நாயகியின் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒரு மறைபொருளாயிற்று. கொங்கை பக்தியாயிற்று, நுண்ணிடை வைராக்கியமாயிற்று. நாணத்துக்கு இடமளித்த இவ்வுள்ளுறை விளக்கம், மெல்ல மெல்ல உடம்பையே பாட்டிலிருந்து அப்புறப்படுத்தியது. அதன் விளைவை இன்றும் காண்கிறோம். மார்கழியில் திருப்பாவை வீடுதோறும் ஒலிக்கிறது. மணவீடுகளில் கனாக்கண்ட பதிகம் ஒலிக்கிறது. நாச்சியார் திருமொழியின் பிற பகுதிகளோ பலருக்குத் தெரியாமலே கிடக்கின்றன. வகுப்பறைகளிலும் அவை விரைந்து கடக்கப்படுகின்றன. இதற்கு மாறாக, இக்காலத் திறனாய்வாளர் சிலர் உடம்பை மீட்கப் புகுந்து இறைவனை அப்புறப்படுத்தினர். அவர் கைகளில் கோதை வேட்கை மட்டும் பாடிய ஒருத்தியாகச் சுருங்கினாள். ஒருவர் உடம்பில்லா அறிவைக் கண்டார். மற்றவர் அறிவில்லா உடம்பைக் கண்டார். இருவருக்கும் சங்கிடம் கேட்ட அவ்வினா விளங்காது.

ஆகவே நம் வினாவுக்கு விடை இவ்வாறு அமைகிறது. உடல்வழி அறிதலை ஆராய்வோர்க்கு இறையியல் தத்துவம் வேண்டும். ஆனால் அதன் எல்லாப் பகுதியும் ஒரே அளவில் வேண்டப்படுவதில்லை. உடம்பு மெய்யானது, உயிரோடு பிரியாதது, அறிவு அதன் வழியே விரிவது என்னும் கோட்பாடு வேண்டும். கோதை உடம்பால் நாடியதை அறிவு என்று அழைக்கும் துணிவை நமக்கு அது தருகிறது. உறுப்புகளைக் கருத்துகளாக மாற்றும் உள்ளுறை வழக்கம் பத்தியின் வரலாற்றுக்குப் பயன்படலாம். பாட்டை அறியப் பயன்படாது. கோதைக்குப் பின்வந்த தத்துவத்தை அவள் வாயில் திணிப்பதும் தகாது. அவள் கொள்கை நாட்டியவள் அல்லள், அறிந்தவள்.

தொடரும் அறிவு

இவ்வறிவு ஏட்டில் முடிந்துவிடவில்லை. ஆண்டாள் கையில் அமரும் இலைக்கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூ மூக்காக, மரவள்ளி இலை உடலாக, கை பழகிய கைகள் அதனைக் கட்டுகின்றன. மார்கழியில் எண்ணெய்க்காப்பு உற்சவம் நடக்கிறது. அரையர் குல்லாய் அணிந்து தாளமிட்டுப் பாசுரத்தை இசைக்கிறார், அபிநயத்தால் காட்டுகிறார், பின் வியாக்கியானத்தையும் கூறுகிறார். பாட்டு, உடம்பு, தத்துவம் மூன்றும் அங்கே ஒரே மனிதரிடம் நிற்கின்றன. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, திருவில்லிபுத்தூர் ஆகிய மிகச் சில ஊர்களிலேயே எஞ்சியுள்ள இக்கலை, தந்தையைப் பார்த்து மகன் பழகுவதாலேயே வந்துள்ளது. அப்பழக்கம் ஒரு தலைமுறை அறுந்தால் ஏடுகள் அனைத்தும் இருந்தும் அதனை மீட்க இயலாது.

கோதையின் கதை தமிழோடு நின்றதுமில்லை. வேதாந்த தேசிகர் வடமொழியில் கோதாஸ்துதி பாடினார். பதினாறாம் நூற்றாண்டில் விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் ஆமுக்தமால்யதா என்னும் பெருங்காவியத்தைத் தெலுங்கில் படைத்தார். சூடிக் கொடுத்தவள் என்பதே அப்பெயரின் பொருள். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் வழங்கும் இராசபாளையத்தார்க்கு அவள் இருமொழியிலும் உரியவள்.

கவிஞர்கள் கூடிய வட்டம் நம்முடையது. சொல்லுக்குமுன் விரலும் நாவும் செவியும் அறிந்ததையே சொல் ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கவிஞர்க்கு எவரும் கற்பிக்க வேண்டா. அதனைத் துணிந்து நம்புவதற்கு முன்னோடி ஒருத்தி நம் அண்டையூரில் இருந்தாள். அடுத்து வரும் ஆண்டுகளில் நம் வட்டம் நாச்சியார் திருமொழியின் பதினான்கு பதிகங்களையும், ஒன்றையும் விடாமல், நாணாமல், ஒருங்கே அமர்ந்து வாய்விட்டு ஓதிப் பயிலுமாயின், அதுவே அவளுக்கும் தமிழுக்கும் நாம் சூட்டும் மாலை ஆகும்.